சாயம் பூசிய வாத்து

சீனாவின் சூச்சோ நகரத்து ஓவியர் ஷி பெங்யுவானுக்குக் கண்ணால் பார்க்காததைக் கை வரையாது. பிடிவாதம் அல்ல, வியாதி. மகள் வான்சூவின் இரண்டு நிச்சயதார்த்தங்கள் முறிந்ததும் அதனால்தான். மாப்பிள்ளைகளை உள்ளபடியே வரைந்து அனுப்பிவிட்டார்.

மூன்றாவது சம்பந்தியம்மா விவரமானவள். "மனுசங்க படம் வேண்டாம். மணமக்கள் அறைக்குப் பட்டுல ஒரு ஜோடி வாத்து, பிரியாத ஜோடிக்கு அதான் அடையாளம். அது அமைஞ்சா கல்யாணம்," என்றாள்.

ஷி ஒரு ஜோடி வாத்தை வாங்கிக் கூண்டில் வைத்தார். பெட்டையை இறகு இறகாகப் பட்டில் இறக்க மூன்று மாதம் ஆனது. பிறகு ஆண் வாத்தின் பக்கம் திரும்பினார். செம்மஞ்சள் பிடரி, பச்சைக் கொண்டை, படகுப் பாய் போன்ற இறகு எதையும் காணவில்லை. கோடையில் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, அதுவும் பெட்டையைப் போலப் பழுப்பாக உட்கார்ந்திருந்தது.

"ரெண்டும் பொண்ணா இருந்தா மாப்பிள்ளை எங்கேன்னு கேப்பாங்கப்பா. முன்ன பாத்ததை நினைச்சு வரைங்களேன்."

"நினைச்சேன்மா. கை தூங்கிடுது."

"எனக்கு இருபத்தேழு வயசு. எழுப்புங்க."

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சிவப்புக்குச் சாதிலிங்கமும் பச்சைக்குப் பச்சைக்கல்லும் அரைத்து, பசை கலந்து, தூரிகையை வாத்தின் மேலேயே வைத்தார். வாத்து மூன்று முறை கடித்தது. நான்காவது முறை குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டது, அப்புறம் கடிக்கவில்லை.

அதைப் பார்த்துப் பார்த்து ஒன்பது நாளில் படத்தை முடித்தார். அதுவரை வாத்தைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை.

பத்தாம் நாள் சம்பந்தியம்மா வந்தாள். பட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "வான்சூ எங்க வீட்டுப் பொண்ணு," என்றாள். கூண்டையும் பார்த்துவிட்டாள்.

"இந்த ஜோடியையும் குடுங்க. எங்க தாமரைக் குளத்துல நீந்தட்டும்."

"அதுக்குத் தண்ணி ஒத்துக்காதுங்க."

"வாத்துக்கா?"

"சளி புடிக்கும்."

"எங்க வீட்டுக்கு வந்தா எல்லாம் சரியாயிடும்."

அவள் வந்த பல்லக்கின் பின்கட்டையில் கூண்டைக் கட்டினார்கள். பல்லக்கு தெருமுனையைத் தாண்டும்போது ஷியின் மூக்கில் ஒரு மழைத்துளி விழுந்தது. எண்ணெய்த்தாள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சம்பந்தியம்மா திரையை விலக்கிப் பார்த்தாள். "குடையப் புடிச்சுக்கிட்டு பின்னாலயே ஓடி வராரு பாருங்க. என் மேல எவ்வளவு மரியாதை," என்று பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னாள்.

இரண்டு மைல் தூரம் ஓடினார். இடது செருப்பு எங்கேயோ போய்விட்டது. கூண்டின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. திருப்பத்தில் தாமரைக் குளம் தெரிந்தது. குடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.