இடது கையைத் தூக்குங்க

“வலிச்சா இடது கையைத் தூக்குங்க. சரியா?”

“ஆ.”

“ஞாயித்துக்கிழமையில என்ன பண்ணுவீங்க?”

“ஆ... ஆங்.”

“நாங்க கொஞ்சம் பேர் காலையில ஏரியைச் சுத்தி ஓடுவோம். நீங்க ஓடியிருக்கீங்களா?”

“ஊ.”

“நாக்கை ஆட்டாதீங்க.”

பூட்டுக்காரனும் பல் டாக்டரும் பேசிக்கொண்டதிலேயே நீளமான பேச்சு இதுதான். இரண்டு வருடமாக அவள் நாற்காலியில் சாய்ந்து எழுந்தவன் அவன். மனதுக்குள் ஒரு கோரிக்கை இருந்தது, சின்னதுதான். சொல்லத்தான் வாய் அகப்படவில்லை. ஊசிக்கு முன்னால் பயம், நடுவில் பஞ்சு, முடிந்தபின் மரத்துப்போன உதடு. ஒருமுறை துணிந்து ஆரம்பித்தான். பாதி உதடு மட்டும் அசைந்து, எச்சில்தான் வந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

போன மாதம் அவள் விளக்கை அணைத்துவிட்டு, “எல்லாப் பல்லும் முடிஞ்சுது. இனிமே நீங்க இங்க வரவே வேண்டாம்” என்று நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னாள். அவன் தலையில் இடி விழுந்தது.

அன்று சாயங்காலமே இருப்பதிலேயே கெட்டியான மிட்டாயாகப் பார்த்து வாங்கினான். ஒரு வாரம் கடித்தான். மிட்டாய்தான் உடைந்தது. பாவி, அவ்வளவு நன்றாக அடைத்திருந்தாள்!

கண்டுபிடித்தது அக்காதான். மதியச் சாப்பாட்டோடு கடைக்கு வந்தவள் சாவி வெட்டும் மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“சின்னப் பிள்ளையாடா நீ? கடை பூரா மிட்டாய்க் காகிதம்!”

வேறு வழியில்லாமல் சொன்னான். அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை ‘டங்’ என்று வைத்தாள்.

“ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையா? வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“பஞ்சுக்கா.”

“ஊர்ல இருக்கிற பூட்டெல்லாம் திறக்கிறே. உன் வாய்க்கு மட்டும் சாவி இல்லையா?”

“வாயைத் திறந்துதானே இருந்தேன்!”

“ஞாயித்துக்கிழமை போய் ஓடு. அங்க உன் வாய்க்குள்ள யாரும் கையை விட மாட்டாங்க.”

அக்காவின் யோசனையில் ஒரே ஒரு குறைதான். அவனுக்கு ஓட வராது.

ஞாயிறு காலை, அத்தானின் பெரிய ஷூவுக்குள் காகிதத்தைத் திணித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். இடுப்பில் வழக்கம்போல் சாவிக்கொத்து தொங்கும் பெல்ட். அது இல்லாமல் கால்சட்டை நிற்காது.

கூட்டத்தை நடத்துபவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் எல்லாருக்கும் அவள் விசில் அக்கா.

“புதுசா தம்பி? நம்ம கூட்டத்துல யாரையும் விட்டுட்டு ஓட மாட்டோம். பேச முடியுற வேகம்தான் சரியான வேகம். நான் விசில் ஊதினா நீங்க ஒரு முழு வாக்கியம் சொல்லணும். திணறினா எல்லாருமே வேகத்தைக் குறைச்சிடுவோம்.”

அப்போதுதான் பல் டாக்டர் திரும்பிப் பார்த்தாள். மாஸ்க் இல்லாமல்! அவள் மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அவன் இன்றுதான் பார்க்கிறான். சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாகக் கோணல்.

“அட, நீங்களா! பல்லு எப்படி இருக்கு?”

வாயில் பஞ்சில்லை. ஊசியில்லை. இதைவிட நல்ல நேரம் வராது.

“ஆ” என்றான். பழக்க தோஷம்.

ஓட ஆரம்பித்தார்கள். டாக்டர் முன்னால், அவன் கடைசியில். ஜல் ஜல் என்றது சாவிக்கொத்து.

“யாரு சலங்கை கட்டிட்டு வந்திருக்கிறது?” என்றார் பஸ் ஓட்டுகிறவர்.

விசில் ஒலித்தது.

“இன்னைக்கு... வானம்...” என்றான் பூட்டுக்காரன். வானத்துக்கு என்ன ஆனது என்று சொல்ல மூச்சில்லை. வேகம் குறைந்தது.

மறுபடியும் விசில். “நான்... பூட்டு...” இன்னும் குறைந்தது.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் அவர்களைத் தாண்டிப் போனாள். வண்டிக்குள்ளிருந்த குழந்தை எட்டிப் பார்த்துப் பரிதாபப்பட்டது. ஏரியில் இரண்டு வாத்துகள் கூடவே வந்து, பொறுமை இழந்து முன்னால் போய்விட்டன.

“தம்பி, ‘ஐயோ’ன்னு சொல்லுங்க, அதையே வாக்கியமா எடுத்துக்கலாம்” என்று பஸ்காரர் கெஞ்சினார். “என் பஸ் ரிவர்ஸ்ல இதைவிட வேகமா போகும்.”

அந்த நேரம் பார்த்து விலாவில் சுரீரென்று பிடித்தது. அவன் கை தானாக மேலே போனது. இடது கை.

அவன்தான் கடைசி. எல்லார் முதுகும் அவன் பக்கம். யார் பார்க்கப்போகிறார்கள்?

“நிறுத்துங்க! அவருக்கு வலிக்குது!”

முன்னாலிருந்து கத்தியது பல் டாக்டர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடியே வந்துவிட்டாள்.

“முன்னாடி ஓடுற உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றார் பஸ்காரர். “முதுகுல கண்ணா?”

அவள் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த தன் ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். காது மட்டும் சிவந்திருந்தது.

விசில் அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தபால்காரிக்குக் கடிதத்தைப் பிரிக்காமலே விஷயம் புரியும் போலிருக்கிறது.

“நின்னாச்சு. இதுக்கு மேல குறைக்க வேகம் இல்ல” என்றாள். “ஆனா சட்டம் சட்டம்தான். தம்பி ஒரு முழு வாக்கியம் சொல்ற வரைக்கும் இங்கிருந்து யாரும் நகரக்கூடாது.”

விசிலை நீளமாக ஊதினாள்.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மூச்சு திரும்பியிருந்தது. இனி சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பயம் ஒன்றைத் தவிர. இன்றைக்கு விட்டால் அடுத்த ஞாயிறு கால் வராது. பல்லோ, இந்த ஜென்மத்தில் கெடாது.

டாக்டர் நிமிர்ந்தாள். “எங்க வலிக்குது?”

இடது கை இன்னும் மேலேதான் இருந்தது. அதை மெதுவாக இறக்கினான்.

“நான் நாற்காலியில சாயாம, நீங்க மாஸ்க் போடாம, ரெண்டு பேரும் ஓடாம, ஒரே ஒரு நாள் எதிரெதிரே உக்காந்து என்கூடப் பேசுவீங்களா?”