ஆளுக்கொரு பண்ணை

“இனிமே உன் ஃபைல் வேற, என் ஃபைல் வேற,” என்று அவர் சொன்னது ஒரு சனிக்கிழமை காலை. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பகல் வேலை. கணவனும் மனைவியும் முகம் பார்ப்பது ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். ஞாயிறு மட்டும் விதிவிலக்கு.

ஃபைல் என்றது விளையாட்டு ஃபைலை. எங்கள் லேப்டாப்பில் என் தம்பி ஒரு எமுலேட்டர் போட்டுக் கொடுத்திருந்தான். கடைகளில் இப்போது கிடைக்காத பழைய விளையாட்டுப் பெட்டியைப் போல லேப்டாப்பை நடிக்க வைக்கும் மென்பொருள் அது. அதில் நாங்கள் ஆடியது ஒரே ஒரு பண்ணை விளையாட்டு. உழலாம், விதைக்கலாம், மாடு வளர்க்கலாம். விட்ட இடத்தைச் சேமிக்க ஒரு ஃபைல்தான் உண்டு. ஆகையால் பண்ணையும் ஒன்றுதான். விளையாட்டில் வரும் ஒரு நாளை நாங்கள் பங்கு போட்டிருந்தோம்: காலைப் பொழுதை அவர் ஆடி, நிறுத்தி, சேமித்து வைப்பார். மாலைப் பொழுது எனக்கு. நான் வீடு திரும்பி லேப்டாப்பைத் திறக்கும்போது மாடு தீனி தின்றிருக்கும், பாத்தி நனைந்திருக்கும். நாலு வருஷமாக இப்படி. வாய்ப்பேச்சு குறையக் குறைய, எங்களுக்குள் மிச்சமிருந்தது அதுதான். அவரும் அப்படி நினைக்கிறாரா என்று கேட்டதில்லை.

சண்டை மரத்தால் வந்தது.

“ஒன்பது பழ மரம். யாரைக் கேட்டு வெட்டின?”

“கோணலா நின்னுச்சு. பாதை போட வழியில்ல.”

“கோணலா நின்னா வெட்டிடுவியா? நானுந்தான் கோணல்.”

“உங்களை வெட்டுற அளவுக்கு அதுல கோடாலி இல்லைங்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். குனிந்து ஷூவைக் கழற்றினார். நிமிர்ந்து, ஃபைலைப் பிரிக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

மதிய இடைவேளையில் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

“ஊர் உலகத்துல நிலத்தைப் பிரிப்பாங்க. நீங்க இல்லாத நிலத்தைப் பிரிக்கிறீங்களேக்கா!”

“வழியைச் சொல்லுடா.”

“விளையாட்டு ஃபைலுக்கு என்ன பேரோ அதுதான் சேவ் ஃபைலுக்கும் பேரு. ரெண்டையும் காப்பி எடுத்து, ரெண்டுக்கும் வேற பேரை வை. அப்புறம் ஆளுக்கொரு ஐகான். முடிஞ்சுது.”

சலவைத் துணிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டேன். மாலையில் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். திரையில் ‘அவர்’ என்று ஓர் ஐகான், ‘நான்’ என்று ஓர் ஐகான். என்னுடையதைத் திறந்து மாலைப் பொழுதை ஆடி, விளையாட்டில் இருந்த ஆளைத் தூங்க வைத்து, சேமித்து மூடினேன்.

மறுநாள் திறந்தபோது அங்கே விடிந்திருக்க வேண்டும். ஆனால் மாலையாக இருந்தது. மாடு தின்றிருந்தது. பாத்தி நனைந்திருந்தது.

ஐகானைச் சோதித்தேன். முதல் ஐகானையே காப்பி எடுத்து, கீழே இருந்த பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். உள்ளே அது காட்டும் இடத்தை மாற்றவில்லை. எதை அழுத்தினாலும் திறந்தது பழைய பண்ணைதான். நான் எடுத்துவைத்த காப்பியை யாருமே தொடவில்லை. சரிசெய்ய இரண்டு நிமிஷம் போதும். லேப்டாப்பை மூடிவிட்டுத் துணி மடித்தேன்.

அவருக்கும் இது தெரியாமலிருக்க முடியாது. அவர் விட்ட காலை, அவர் திரும்பும்போது அடுத்த நாள் காலையாக மாறியிருக்கிறதே. ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதினைந்து நாள் இப்படிப் போனது. ஒருநாள், வெட்டிய இடத்திலேயே ஒன்பது கன்றுகளைப் பழையபடி கோணலாக நட்டேன். மறுநாள் அவற்றின் அடியில் மண் ஈரமாக இருந்தது. தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறார் என்று நம்பினேன். சந்தோஷமா என்றால் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. தொடுவது விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். நான் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டிருந்தார்.

“வா மாப்ள. உங்க அக்கா பிரிச்ச லட்சணத்தைப் பாரு. ரெண்டும் ஒண்ணையேதான் திறக்குது.”

தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஒரே உறையில ரெண்டு கத்தின்னு கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டு உறைக்கு ஒரே கத்தியை இப்பதான் மாமா பாக்கறேன். எத்தனை நாளா இப்படி?”

“முதல் நாள்லேருந்து.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“அவளே சரிபண்ணுவான்னு பாத்தேன்.” என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்,” என்றேன்.

தம்பி எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தபடி சொன்னான்: “சரி, இந்தப் பழைய சேவ் ரெண்டு பக்கமும் இருக்கட்டும். நாலு வருஷத்து வேலை, யாருக்கும் நஷ்டம் வேண்டாம்.”

அவர் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

“அவளுக்கு வை. எனக்கு வேணாம்.”

“காப்பிதானே மாமா. இடத்தையா அடைக்கப்போகுது?”

“வேணாம் மாப்ள. நான் புதுசா ஆரம்பிக்கிறேன்.”

“அந்தக் கன்னுங்களுக்குத் தண்ணி ஊத்துனீங்களே,” என்றேன்.

“நட்டிருந்துச்சு, ஊத்துனேன். வாடிப்போனா பாவம்ல.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். வேற என்ன?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

“அக்கா?” என்றான் தம்பி. அவன் விரல் காத்திருந்தது.

“அவர் சொல்ற மாதிரியே பண்ணு.”

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கடையில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான். அவன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். புதுப் பண்ணைக்கு என்ன பெயர் என்று விளையாட்டு கேட்டது. ஏதோ தட்டினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மாலையில் அவர் வேலைக்குத் தயாராகும் நேரத்தில் என் ஐகானைத் திறந்தேன். அங்கே விடிந்திருந்தது. சேவல் கூவியது. இந்த விளையாட்டில் சேவல் கூவும் என்பதே எனக்குத் தெரியாது. கொட்டகைக்குப் போனேன். மாடு வெறும் தொட்டியைப் பார்த்து நின்றது. நாலு வருஷத்தில் ஒரு முறையும் நான் அதற்குத் தீனி போட்டதில்லை.

“தீனி எங்கங்க வெச்சிருக்கீங்க?”

அவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். “கொட்டகைக்குப் பின்னால, இடது பக்கம்.” எழுந்து பையை மாட்டிக்கொண்டார். “இனிமே உன்னோடதுதானே. எங்க வேணா மாத்தி வெச்சுக்கோ.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் கொட்டகையைச் சுற்றிப் பின்னால் போனேன்.