காலி வண்டியின் எடை

எடை மேடைக்காரர் மாரியப்பன் சீட்டைக் கிழித்து நீட்டினார். பட்டறை முதலாளி மோகன்குமார் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, எல்லோருக்கும் லட்டு வாங்கி வரச் சொன்னார். பீரங்கியைத் தாங்கிச் சுழலும் இரும்புக் கூண்டு, ராணுவம் சொன்ன எடைக்குள் வந்துவிட்டது.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் சிலிண்டர் செய்துகொண்டிருந்த புதுச்சத்திரத்துப் பட்டறை அது. பீரங்கி சுட்டால் குழல் பின்னால் உதைக்கும். அந்த உதையைச் சிலிண்டர் மெல்ல வாங்கிக்கொண்டால் கூண்டை மெல்லிய தகட்டிலேயே கட்டிச் சின்ன வண்டியில் ஏற்றிவிடலாம் என்று சொன்னவள் இன்ஜினியர் தனப்பிரியா. சிலிண்டர் தேறிவிட்டது. கூண்டுதான் அங்கே ஒரு முட்டு, இங்கே ஒரு பட்டை என்று சதை போட்டுக்கொண்டே போனது. எடை தாண்டினால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று வீட்டில் தினமும் புலம்பினாள். புலம்பிய இடம்தான் தப்பு. அவள் அப்பா சின்னண்ணன் லாரிக்காரர். மகள் கண்ணைக் கசக்கினால் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

அவர் வண்டியில்தான் கூண்டைக் கொண்டுபோனார்கள். முதலில் காலி வண்டிக்கு எடை. பட்டறையில் கூண்டை ஏற்றியபின் மறுபடி எடை. வித்தியாசம்தான் கூண்டின் எடை.

கிரேன் கூண்டைத் தூக்கியபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தனப்பிரியா மட்டும் கீழே பார்த்தாள். காலி எடையின்போது வண்டியில் இருந்த இரண்டு ஸ்டெப்னி டயர்களையும் அப்பா சுவருக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனார். நிரம்பியிருந்த தண்ணீர் டிரம்மின் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. காலி வண்டி கனமாக இருந்தால் கூண்டு லேசாகத் தெரியும் என்று லாரிக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு யாராவது விளக்க வேண்டுமா? சட்டென்று அவளும் அண்ணாந்துகொண்டாள். கிரேனையே பார்த்தாள்.

மோகன்குமார் சின்னண்ணனுக்கு ஒரு சால்வை போர்த்தினார். "அடுத்த வாரம் சோதனைங்க. வண்டியச் சரிவுல நிறுத்திப் பக்கவாட்டுல சுடுவாங்க. உள்ள நாலு பேரு இருப்பாங்க," என்று பெருமையாகச் சொன்னார். தனப்பிரியா வாயிலிருந்த லட்டை மென்றுகொண்டே இருந்தாள். மேலே கனம் கூடினால் சரிவில் வண்டி புரண்டுவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவளும் அவள்தான்.

சாயங்காலம் வீட்டில் சால்வையை மடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம், அந்த நாலு பேரைப் பற்றிச் சொன்னாள். வண்டி புரளும் என்றாள். அவர் கை நின்றது.

"ரோட்டுல எல்லாரும் பண்றதுதானே கண்ணு, சுங்கத்துக்குப் பண்ற மாதிரின்னு நெனச்சுட்டேன்," என்றார். பிறகு மெதுவாக, "நீ ஒண்ணும் பாக்கலியே சாமி?"

"இல்லீங்கப்பா."

சொன்ன வாயைக் கழுவிக்கொள்ளத் தோன்றியது. எல்லாரும் செய்வதை அவர் செய்தார். தெரிந்தும் லட்டை வாங்கித் தின்றது அவள்.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குள் அவள் போகும்போது அப்பா அங்கே முன்பே நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தானுங்க பண்ணுனேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார்.

மோகன்குமார் அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும். படிப்பு, பேர், வேலை எல்லாம் தப்பிவிடும். தலை ஆடத்தான் பார்த்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசும்.

"நானும் பாத்தனுங்க சார்," என்றாள்.

முதலாளி திட்டவில்லை. சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லிப் போன் பேசினார். "வேற வண்டியில ஏத்தி மறுபடி எடை போடுங்க," என்றார். அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோதுகூட நிமிர்ந்து நின்றவர் அவர். மகள் பார்த்திருக்கிறாள் என்றதும் குனிந்தவர், அப்புறம் நிமிரவே இல்லை.

வேறு வண்டி கூண்டோடு எடை மேடையில் ஏறியது. வரவேண்டாம் என்று சொல்லியும் சின்னண்ணன் வந்திருந்தார். வண்டிப் பக்கமே போகாமல் சாலையைத் தாண்டி வெயிலில் நின்றார். இரண்டு கைகளையும் முன்னால் கோத்து வைத்திருந்தார்.

"நெழலுக்கு வாங்கண்ணா," என்று மாரியப்பன் கூப்பிட்டார்.

"இருக்கட்டுமுங்க. எல்லாருக்கும் தெரியற எடத்துலயே நிக்கறேன்."

எடை தாண்டியிருந்தது. மோகன்குமார் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். தனப்பிரியாவால் அவரைப் பார்க்க முடியவில்லை, சாலைக்கு அந்தப் பக்கமும் பார்க்க முடியவில்லை. அண்ணாந்துகொள்ள இந்த முறை அங்கே கிரேன்கூட இல்லை.