தேங்காய் எண்ணெய் விட்ட சக்கரம்

"என் சக்கரத்தத் தொட்டது யாருன்னு கேக்கறேன்..."

"நான்தான்னு சொல்றேன் இல்ல? எண்ணெதான்டி விட்டேன், இன்னாமோ வெசத்த..."

"எண்ணெ விட்டா சுத்தணும். இது சுத்துதா? முக்கா சுத்துல நிக்குது. நீங்களே தள்ளிப் பாருங்க!"

"நேத்து மத்தியானம் நல்லாதான் சுத்துச்சு சசி, என் கண்ணால..."

"நேத்து சுத்தினது இன்னிக்கு இன்னாத்துக்கு நிக்குது? பதினோரு மணிக்கு பஸ்ஸு. நாளைக்கு வேலூர்ல போட்டி. எல்லாம் தெரிஞ்சிதான செஞ்சீங்க?"

மங்கம்மாளுக்குச் சக்கரம் நின்றதுகூடப் பெரிதாகப் படவில்லை. இந்த 'ங்க'தான் குத்தியது. பதினோரு வருஷமாக ஒரே வாசலில் இரண்டு வீடு. அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி. ஓரகத்திகள் என்று பேர்தானே தவிர, அக்கா, நீ, வா, போ என்றுதான் சசிகலா அவளோடு புழங்கினாள். இன்று காலை ஸ்கேட்டிங் ஷூவைக் கையில் எடுத்ததிலிருந்து எல்லாம் 'ங்க' ஆகிவிட்டது.

"இன்னாடி, புதுசா மரியாதையெல்லாம்?"

"தூரத்து மனுசங்களுக்கு மரியாததான குடுக்கணும்."

சசிகலா மலைப்பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். காலேஜில் படிக்கும்போது சக்கரக் காலோடு ஓடிக் கோப்பை வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஷூ பரண் ஏறிவிட்டது. போன வருஷம் ஜமுனாமரத்தூர் போகிற ரோட்டுக்குப் புதுத் தார் போட்டதும் அதை இறக்கினாள். நாளைக்கு முப்பது வயது தாண்டிய பெண்களுக்கான ஓட்டம். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பேர் ஒரு பட்டியலில் ஏறியிருக்கிறது.

"நான் ஏன்டி உன்னக் கெடுக்கப் போறேன்?"

"முந்தாநாள் சாயந்திரம் அவரு போன் போட்டாரு இல்ல, உங்களுக்கு? நான் கொடில துணி எடுத்துக்கினு இருந்தேன். 'நான் பாத்துக்கறேன் மணி, நீ வையி'ன்னு சொன்னீங்க. நல்லா பாத்துக்கினீங்க."

மங்கம்மாள் சொன்னது நிஜம். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற சசிகலாவின் புருஷன் மணிவேல், "அண்ணி, முப்பத்தஞ்சு வயசுல காலுல சக்கரத்தக் கட்டிக்கினு ஓடறா. நாலு பேரு சிரிக்கறாங்க. நீங்க சொன்னா கேப்பா, தடுத்து வையிங்க" என்றான். அடுப்பில் கேழ்வரகுக் களி அடிப்பிடிக்கிற நேரம். போனை வைத்தால் போதும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். 'அவ போவட்டும் மணி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அது ஏன் தன் வாயில் வரவில்லை என்று அவளுக்கே இப்போது விளங்கவில்லை.

சசிகலா வாசல் கல்லில் உட்கார்ந்து, வளைந்த சாவியால் சக்கரத்தைக் கழற்றினாள். நடுவில் செருகியிருந்த பேரிங்கைத் தள்ளி வெளியே எடுத்தாள். ஊக்கின் முனையால் அதன் மூடியைப் பிடித்திருந்த மயிரிழைக் கம்பி வளையத்தை நெம்பினாள். மூடி திறந்தது. உள்ளே குண்டுமணிபோல ஏழு இரும்புக் குண்டுகள். குண்டுகளின் மேல் பாதி மறைய வெள்ளை வெளேரென்று ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா. இது இன்னா எண்ணெ?"

"வூட்டு எண்ணெதான். தலைக்கு வைக்கிறது."

"தேங்கா எண்ணெயா?"

"பின்ன, நல்லெண்ணெயா விடுவாங்க? அது பிசுபிசுங்கும் இல்ல?"

சசிகலா சிரித்தாளா அழுதாளா என்று மங்கம்மாளால் சொல்ல முடியவில்லை. "மார்கழி மாசம். காலைல தலை வாரணும்னா நீ அந்த பாட்டில அடுப்பண்ட வச்சி உருக்கற. சக்கரத்துக்குள்ள போனா மட்டும் அது உறையாதா?"

மங்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நேற்று மத்தியானம் நல்ல வெயில். எண்ணெய் தண்ணீராக ஓடியது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாக விட்டு, சர்ரென்று சுற்றிப் பார்த்து, தனக்குத்தானே மெச்சிக்கொண்டு வைத்தாள். ராத்திரிப் பனியை யார் நினைத்தார்கள்?

"உன்ன யாரு விடச் சொன்னா?"

"எதிர்வூட்டு மாதம்மாதான். நீ ரோட்டுல போனா கிரீச் கிரீச்சுன்னு சத்தம் வந்துச்சு. 'மங்கா, உங்க வூட்டு மாட்டு வண்டி வருது பாரு'ன்னு தையல் மிஷின்ல உக்காந்துக்கினு சிரிக்கறா. அம்மாம் பேரு எதிர்ல. எனக்கு மானம் போச்சு. சத்தம் இல்லாம போவட்டும்னு விட்டேன்."

சசிகலா பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எண்ணெ விட்டத நம்பறேன்க்கா. அந்தப் போனத்தான் நம்ப முடியல."

மங்கம்மாள் அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். "இப்ப இன்னா செய்யணும், சொல்லு" என்று மட்டும் கேட்டாள்.

"பெட்ரோல் வேணும். பதினாறு பேரிங்கையும் பிரிச்சிக் கழுவணும்."

மணிவேல் விட்டுப்போன பைக்கில் டியூபைப் பிடுங்கி, ஒரு ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு மங்கம்மாள் வீட்டுக்குள் நுழையப் பார்த்தாள்.

"எங்க போற? உள்ள அடுப்பு எரியுது! வூட்டக் கொளுத்தவா? வெளிய வா!"

"ஐயோ, ஒண்ண நேராக்கப் போயி இன்னொண்ணக் கெடுக்கறேனே."

இருவரும் வெயிலில் பழைய புடவையை விரித்து உட்கார்ந்தார்கள். முதல் கம்பி வளையம் மங்கம்மாள் கையிலிருந்து தெறித்து எங்கோ போயிற்று. மண்ணைத் தடவித் தேடி எடுத்தார்கள். இரண்டாவதிலிருந்து அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆட்டுக் காதில் உண்ணி எடுக்கிற விரல் அது. ஊக்கை வைப்பதும் வளையம் வெளியே வருவதும் தெரியவில்லை.

"என்னவிட வேகமா எடுக்கறியே!"

"வாய மூடிக்கினு குலுக்கு."

பாட்டிலைக் குலுக்கக் குலுக்கப் பெட்ரோல் கலங்கியது. கீழே கறுப்பு மண்டியது. கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி இன்னொரு தரம் குலுக்கினார்கள். குண்டுகள் பளிச்சென்று வந்தன. மங்கம்மாள் முந்தானையால் துடைக்கப் போனாள்.

"துணி வேணாம், நூல் ஒட்டிக்கும். சைக்கிள் பம்ப எடுத்தா, காத்து அடிச்சிக் காய வைக்கலாம்."

பம்பு அடித்து அடித்து மங்கம்மாளுக்குத் தோள் விட்டுப்போயிற்று. மணி பத்தாகிவிட்டது.

"இப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெ விடணும்" என்றாள் சசிகலா. "என்கிட்ட இருந்தது தீந்துபோச்சு. அதனாலதான் சத்தம் வந்ததே. வேலூர்ல போயி வாங்கலாம்னு இருந்தேன்."

மங்கம்மாள் எதிர் வீட்டைப் பார்த்தாள். முகம் சுண்டியது. பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.

"இன்னா மங்கா, மாட்டு வண்டி அச்சுக்கு மையா?" என்றாள் மாதம்மாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா. குடு சீக்கிரம். வண்டி வரும்போது நீ குறுக்க நின்னுடாத, நசுங்கிப் போவ."

மாதம்மாள் சிரித்தபடியே எண்ணெய்க் குப்பியை நீட்டினாள். "அங்க போயி விழாம ஓடச் சொல்லுடி. நம்ம ஊரு பேரு இருக்குது இல்ல?"

மூடிகள் ஏறின, வளையங்கள் உட்கார்ந்தன. பத்தரைக்குள் ஏழு சக்கரம் பூட்டியாயிற்று. சசிகலா எட்டாவதைப் பூட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். சத்தமே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது மங்கம்மாளின் போன் அடித்தது. மணிவேல்.

கையெல்லாம் எண்ணெய். புறங்கையால் தட்டினாள். ஸ்பீக்கரில் வாசல் முழுக்க அவன் குரல் கேட்டது.

"அண்ணி, இன்னா ஆச்சு? நிறுத்திட்டீங்க இல்ல?"

சசிகலா தலை நிமிரவில்லை. ஆனால் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை அவள் கை பிடித்து நிறுத்தியது. மங்கம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"மணி, அவ பதினோரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறா, நானும் கூடப் போறேன். நாலு பேரு சிரிக்கறாங்கன்னு சொன்ன இல்ல, அதுல மொத ஆளு யாரு? பேரச் சொல்லு."