முகப்பில் சித்தி வேண்டாம்

கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில் ரொதாந்தி ஒரு மனநல ஆலோசனைக்கூடம் திறந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு ஈ காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. குளிர்காலத்துக்குள் ஆள் வராவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஏதென்ஸ் ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

இணையதளம் செய்து கொடுத்த புண்ணியவான் அவள் சித்தி மகன் ஸ்ட்ராட்டிஸ். முகப்பில் திறப்பு விழாப் படம். பாதிரியார் புனித நீர் தெளிக்கிறார், சொந்தபந்தம் மொத்தமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, நட்டநடுவில் பலகாரத் தட்டோடு சித்தி.

"டேய், இதப் பாத்துட்டு எவன்டா வருவான்? யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே இங்க வர்றதே. நீ ஊரையே உள்ள உக்கார வச்சிருக்க."

"அம்மா படத்தத் தூக்கினா எனக்குச் சோறு கிடையாதுக்கா."

"பட்டினி கிட."

சண்டை போட்டுச் சண்டை போட்டே புதிய முகப்பு தயாரானது. ஒரு நாற்காலி, ஜன்னல் வெளிச்சம். கீழே நாலு வரி: பின்சந்து வழியாக வரலாம், போன் வேண்டாம், இங்கேயே நேரம் குறிக்கலாம், தெருவில் எதிர்ப்பட்டால், நீங்களாகப் பேசாதவரை நான் உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஸ்ட்ராட்டிஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். "இந்த ஊர்ல வணக்கம் சொல்லாம போனா ஏழு தலைமுறைக்குப் பகைக்கா."

துறைமுகக் காப்பிக்கடை த்ராசோசுக்குக் கிண்டலடிக்க அது போதாதா? வசந்தத்தில் மனைவியைப் புதைத்துவிட்டு மறுவாரமே கடை திறந்து கேலி பேச உட்கார்ந்தவர் அவர். கல்நெஞ்சன் என்று ஊரே சொன்னது.

"வெறும் நாற்காலியப் படம் பிடிச்சுப் போட்டிருக்கியாமே டாக்டரம்மா, அதான் உன் பேஷண்டா? பேசணும்னா என் கடைக்கு வரச் சொல்லு. ஒரு காப்பிக்கு நாள்பூரா பேசலாம்."

கடையே சிரித்தது. ரொதாந்தியும் சிரித்துவைத்தாள்.

அந்த வார வியாழக்கிழமைக்கு இணையதளத்தில் ஒரு நேரம் பதிவானது. பெயர் இல்லை. பின்கதவைத் திறந்தால், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு த்ராசோஸ்.

வாய் ஓயாத மனுஷர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு, "கடையப் பூட்டினா வீட்டுக்குப் போகணுமே பொண்ணே," என்றார். "அங்க அவ இல்லையே." குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் காலை கடையில் ரொதாந்தி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவர்தான் முதலில் பேசினார், வழக்கமான உரத்த குரலில்.

"என்ன டாக்டரம்மா, நேத்தாவது யாராச்சும் வந்தாங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். ஸ்ட்ராட்டிஸ் ஆசையோடு பார்த்தான். ஒருத்தர் வந்தார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. அந்த ஒரு சொல் போதும், சாயங்காலத்துக்குள் ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

"யாரு வரப்போறா மாமா?" என்றாள். "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பு வெடித்தது. த்ராசோஸ்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மத்தியானம் அவள் திரும்பிப் போய் இணையதளத்தைப் பார்த்தபோது, பெயரில்லாமலே குளிர்காலம் முடியும்வரை எல்லா வியாழக்கிழமைகளும் பதிவாகியிருந்தன.