இல்லம்மா ஹவுஸ்

அன்று பிஜுவின் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் கடைக்காரன் பிஜு. வாசலோரம், தெருவைப் பார்க்கப் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் நான். எனக்கு எதிரே ஸ்டூலில் மாடத்தி. போட்டோஸ்டாட் காகிதக் கட்டின்மேல் காலை நீட்டிக்கொண்டு அவள் மகள் ரஜிதா.

மட்டாஞ்சேரியில் கடிதமும் மனுவும் எழுதித் தருவது என் தொழில். விஷயத்தைக் கேட்பதற்கு முன் யார் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். பிற்பாடு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று யாராவது வந்து நின்றால் அந்தக் குறிப்பு உதவும்.

விஷயம் இதுதான். 2007-ல், ஏற்கெனவே செல்போன் வைத்திருப்பவர்களும் மறுபடி போட்டோவும் அடையாள அட்டை நகலும் கொடுத்துப் பெயரை உறுதிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு போய்விடும் என்று அறிவிப்பு வந்தது. மாடத்தியும் கொடுத்தாள். அவளுக்குப் படிவம் நிரப்பியது நான், வாங்கிக் கட்டி அனுப்பியது பிஜு. பத்து நாள் கழித்து போன் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது: தங்கள் ஆவணங்கள் சரியாக உள்ளன, நன்றி. ஆனால் அதில் இருந்த எண் 4417 என்று முடிந்தது. மாடத்தியின் எண் 0926.

"எம்பேர்ல இன்னொருத்தி இருக்கா அண்ணாச்சி," என்றாள் மாடத்தி. "அவ யாரு, யாருகூடப் பேசுதா, என்ன பேசுதான்னு ஒண்ணும் தெரியல. வியாழக்கெழம எனக்கு வெரிஃபிகேஷன்."

அதுதான் பெரிய கவலை. பதினான்கு வருஷமாகத் தற்காலிகத் தொழிலாளியாகத் தெருக்கூட்டியவள், நிரந்தரமாகும் பட்டியலில் இப்போதுதான் பெயர் வந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, இவள்பேரில் வழக்கு வம்பு உண்டா என்று விசாரித்துப் போக வேண்டும். அந்த 4417 யாரையாவது மிரட்டியோ ஏமாற்றியோ இருந்தால், தேடி வருகிறவர்கள் மாடத்தியின் வீட்டுக்குத்தான் வருவார்கள். அன்று செவ்வாய்.

பிஜுவின் முகம் வெளுத்திருந்தது. தெருவில் பாதிப்பேர் அவனிடம்தான் தாள் கொடுத்திருந்தார்கள்.

"என்டெ சேச்சி, ஞான் ஒண்ணும் செய்திட்டில்லா. கவர்ல இட்டு, ஒட்டிச்சு, அயச்சு. அத்ரயே உள்ளு."

"ஒன்ன யாருடே சொன்னா?" என்றாள் மாடத்தி. ஆனால் அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

கடிதத்தை வாங்கி மேல்விலாசத்தைப் படித்தேன். திருமதி மாடத்தி, இல்லம்மா ஹவுஸ், பிறகு தெருப் பெயர். மறுபடி படித்தேன்.

"ரஜிதா, இந்த இல்லம்மா ஹவுஸ் யாரோட வீடு?"

"எனக்கும் மனசிலாகல மாமா. போஸ்ட்மேன் கேட்டுச் சிரிச்சாரு."

பிஜு எட்டிப் பார்த்தான். இருந்த பயத்திலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லமோ? சேச்சி நம்பூதிரியாணெந்நு பறஞ்சில்லல்லோ!" நம்பூதிரி வீட்டைத்தான் அங்கே இல்லம் என்பார்கள்.

"போடா. ஒன் கடை வாசலக் கூட்டுற நம்பூதிரி."

கேரளத்தில் எந்தப் படிவத்திலும் வீட்டுப்பேருக்கு ஒரு கட்டம் உண்டு. எங்கள் தமிழ் ஆட்களுக்கு வீட்டுப்பேர் கிடையாது. அந்தக் கட்டத்தில் நான் எப்போதும் ஒரு கோடு போடுவேன். பிஜுவிடம் போன படிவத்திலும் கோடுதான். நோட்டில் நகல் இருந்தது, எடுத்துக் காட்டினேன். அப்படியானால் இந்த 'இல்லம்மா' வேறு யாரோ கேட்டு, வேறு யாரோ எழுதியது. எனக்கு ஒரு யோசனை வந்தது.

"மாடத்தி, நான் ஆபீஸ்காரன்னு வச்சுக்கோ. வீட்டுப்பேர் எந்தா?"

"இல்ல அண்ணாச்சி."

"பிஜு, நீ கேளு."

"சேச்சி, வீட்டுப்பேரு?"

"இல்ல மோனே."

பிஜு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "கண்டோ! எழுதினது ஞான்னா, 'இல்ல மோனே ஹவுஸ்'னல்லே வந்திருக்கும்!"

ரஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாடத்திக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்சநேரம் தெருவைப் பார்த்தாள்.

"பொம்பளப்பிள்ளதான்," என்றாள். "தோப்பும்படி முக்குல, கம்பெனிக் குடைக்குக் கீழ மேசை போட்டு சிம் வித்துதுல்லா ஒரு பிள்ள. போன ஓணத்துக்கு முன்னாடி. அதுட்டதான் வாங்குனேன். வீட்டுப்பேருன்னு கேட்டுச்சு, இல்லம்மான்னேன். ஒரு போட்டோ போதும்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. அது ரெண்டு கேட்டு வாங்கிச்சு. கார்டுக்கும் ரெண்டு காப்பி."

இரண்டாவது போட்டோ எங்கே போயிற்று என்பது அத்துடன் தெரிந்துவிட்டது. குடையும் மேசையும் அந்த மாதமே காணாமல் போயிருந்தன. பிஜு வெளியே போய் நான்கு சாயா சொல்லிவிட்டு வந்தான். மாடத்தி முதல் கிளாஸை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

கம்பெனிக்குப் போன் செய்து கேட்டவள் ரஜிதா. அந்த எண்ணை ரத்து செய்யக் கையெழுத்திட்ட மனு வேண்டும், கூடவே ஒரு போட்டோவும் அட்டை நகலும் வைக்க வேண்டும் என்றார்களாம்.

"களவு போச்சுன்னு சொல்லப் போனா, இன்னொண்ணு குடுங்கானா?" என்றாள் மாடத்தி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அட்டை நகலை மேசையில் விரித்து, குறுக்கே பேனாவால் எழுதினேன்: 4417-ஐ ரத்து செய்ய மட்டும். தேதி போட்டேன். போட்டோவின் மேலும் எழுத்து ஓடும்படி எழுதினேன்.

"மூஞ்சியிலயா எழுதுவீரு?"

"இனி இந்த மூஞ்சிய வச்சு யாரும் சிம் வாங்க முடியாது."

மனுவை எழுதியதில் ஓர் இடம் பாக்கி இருந்தது: அந்த எண்ணைத் தற்போது உபயோகிப்பவர் யார் என்று தெரிந்தால் குறிப்பிட வேண்டும் என்றும் கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். தெரியாது என்று எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் நான்கு பேருக்குமே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பிஜு கடைப் போனில் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டான். நான்காவது மணியில் எடுத்தது ஓர் ஆண்குரல். பின்னால் சுத்தியல் சத்தம்.

"அலோ, யாரு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாடத்தி போனை நோக்கிக் குனிந்தாள்.

"நான் மாடத்தி."

"எந்த மாடத்தி?"

"நீதாம்டே சொல்லணும். கம்பெனிக் கணக்குல நீதான் மாடத்தி."

அவன் போனை வைத்துவிட்டான். ஐந்து நிமிஷத்தில் கடைப் போன் அடித்தது.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. பயத்துல வச்சிட்டேன்." அவன் பெயர் இசக்கிமுத்து. தென்காசிப் பக்கம். இடக்கொச்சியில் ஒரு கட்டிடத்தில் சென்ட்ரிங் வேலை. "குடைக்குக் கீழ ஒரு பிள்ள வித்துச்சு. எங்கிட்ட இந்த ஊரு பேப்பர் ஒண்ணும் இல்லன்னேன். பேப்பரே வேண்டாம், பேசிட்டுப் போங்கன்னுச்சு. யாரு பேர்ல இருக்குன்னு சத்தியமா தெரியாதுக்கா."

"யாருகூடப் பேசுத?"

"மேஸ்திரி காலைல கூப்பிடுவாரு, எந்த சைட்டுக்குப் போணும்னு. அப்புறம் ஊர்ல சங்கரிட்ட. எம் பொண்டாட்டி."

"வேற?"

"வேற யாரு இருக்கா எனக்கு?"

மாடத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தாற்போலிருந்தது. ஏதோ ஏமாற்றமும் இருந்ததாக எனக்குப் பட்டது. தன் பேரில் இருந்த இன்னொருத்தி இத்தனை சாதாரணமானவள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"இந்த நம்பர வெட்டப் போறேன்டே. எனக்கு வேல நெலைக்கணும். மேஸ்திரிட்டயும் ஒம் பொண்டாட்டிட்டயும் வேற நம்பர் சொல்லிரு. ஊர்க் கார்டக் கொண்டாந்து ஒம்பேர்லயே வாங்கு."

"எப்ப வெட்டுவாங்கக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். படகேறி எர்ணாகுளம் ஆபீஸில் நேரில் கொடுத்தால் இன்றைக்கே ஆகிவிடலாம், ரிஜிஸ்டர் தபால் என்றால் போய்ச் சேர ஓரிரு நாள் என்றேன். தபால் ரசீதில் இன்றைய தேதி இருக்கும். வியாழக்கிழமை ஸ்டேஷன்காரருக்குக் காட்ட அது போதும்.

"ரெண்டு நா இருக்கு ஒனக்கு," என்றாள் போனிடம்.

போனை வைத்ததும், விட்டிருந்த இடத்தில் எழுதினேன்: இசக்கிமுத்து, சென்ட்ரிங் தொழிலாளி, இடக்கொச்சி. பிறகு மனுவை முதலிலிருந்து தமிழில் சொல்லிக் காட்டினேன். அந்த வரி வந்ததும் மாடத்தி கையைக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

"அவம்பேரு எதுக்கு?"

"உனக்கு நல்லதுதானே. உபயோகிச்சது நீ இல்லைன்னு எழுத்தில் இருக்கும்."

"சேச்சி, பேரு வச்சா கேஸு பெலக்கும்," என்றான் பிஜு.

"அம்மே, மாமா சொல்றது சரியாக்கும்," என்றாள் ரஜிதா.

"நான் கேட்டேன், அவன் எங்கிட்டச் சொன்னான். கம்பெனிட்டயா சொன்னான்? குடைக்குக் கீழ இருந்த பிள்ளயும் இப்படித்தான எம்பேர எடுத்துக் குடுத்துச்சு. அழிச்சிரும்."

மனுவில் அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது என்பது என் வழக்கம். முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதினேன். உபயோகிப்பவர் என்ற இடத்தில், 'மனுதாரர் அல்ல' என்று மட்டும் எழுதினேன். சிம் வாங்கிய இடம், மாதம், இரண்டு போட்டோ கேட்டு வாங்கியது, எல்லாம் விவரமாக வந்தன. வீட்டுப்பேருக்குக் கோடு போட்டேன். மாடத்தி பேனாவை இறுக்கிப் பிடித்துத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். பழைய பக்கத்தைக் கேட்டு வாங்கி, அந்தப் பெயர் இருந்த இடத்தை நான்காகக் கிழித்து சாயா கிளாஸுக்குள் போட்டாள்.

தபாலாபீஸ் கவுண்டரில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர். மாடத்தி கவரின் வாயில் பசை தடவி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்து, ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, கம்பிக்குள் நீட்டினாள். அந்தப் பக்கம் இருந்த அம்மா முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, கவரைப் பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டார்.