நாலு பாட்டில் ஆர்க்கிட்

மகள் சோஃபியா ஆசையாக வளர்த்த ஆர்க்கிட், அவள் இறந்துபோன மூன்றாம் மாதம் வேரழுகிச் சாய்ந்தது. பூத்தண்டு மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது. நோரா அதை ஈரத்துணியில் சுற்றி, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பெருங்குடி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். அங்கே திசு வளர்ப்புக் கூடத்தில் இருபது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. ஒரு கணு கிடைத்தால் போதும், பாட்டிலுக்குள்ளேயே அதை நூறு செடியாக்கிவிடுவாள்.

தண்டை மருந்தில் கழுவி, நாலு கணுவாக நறுக்கி, நாலு பாட்டிலில் நட்டாள். ஒரே வாரத்தில் நாலிலும் பால் சிந்தியதுபோல் கிருமி படர்ந்துவிட்டது.

"உங்க கையில ஒரு பாட்டில்கூட கெட்டு நான் பார்த்ததில்லயேக்கா," என்றாள் பக்கத்து மேஜை ஸ்வர்ணலதா. "இன்னா ஆச்சு?"

"தெரியலடி."

தெரியாமலென்ன! கழுவிய தண்டை நறுக்குவதற்கு முன்னால், முகமூடியை இறக்கி அதற்கு ஒரு முத்தம் கொடுத்திருந்தாள். அந்த மேஜைமுன் யாராவது வாயைத் திறந்து பேசினாலே எரிந்து விழுகிறவள் அவள்.

கெட்ட பாட்டிலைத் திறக்கக்கூடாது. மூடியோடு நீராவியில் அவித்துத்தான் கொட்டவேண்டும். நாலையும் நீராவிக் கலனுக்குள் வைத்துக் கதவை இறுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் சோஃபியாவின் அந்தக் கடைசி நாள், "கிட்ட போகாதீங்கம்மா, கிருமி தொத்திக்கும்," என்றாள் நர்ஸ். கிருமியைப் பற்றி எனக்கா தெரியாது என்று தலையாட்டிவிட்டு, நோரா முகமூடியைக் கழற்றாமல் எட்டியே நின்றாள்.